தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன், பத்து நாள் சைக்கிள் பயணத்துக்கு இது போதாதா?

கேள்வி: 2 மார்ச், மாலை

வேலைக்குப் போக வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். சராசரி வேகம் மணிக்கு 22. இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 120 கி.மீ. எளிது, 10 நாளில் 1,200. தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். மே கடைசியில் கிளம்புகிறேன். சைக்கிள் இருக்கிறது, கேரியர் இருக்கிறது, பை மட்டும் வாங்க வேண்டும். எந்தப் பை நல்லது?

பதில்: 2 மார்ச், இரவு

பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த 120-தான் உறுத்துகிறது.

நீங்கள் ஓட்டும் 40 இரண்டு துண்டு. காலையில் 20, மாலையில் 20, நடுவே எட்டு மணி நேரம் நாற்காலி. சுமை கிடையாது. எந்தக் குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். பயணத்தில் இந்த மூன்று சலுகையும் போய்விடும். இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் நானும் என் முதல் பயணத்துக்குக் கிளம்பினேன். முதல் நாள் 118. இரண்டாம் நாள் 96. மூன்றாம் நாள் 31, அதிலும் கடைசி நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே. நாலாம் நாள் ஒரு மரத்தடியில் படுத்துக் கிடந்தேன். அன்றைய பக்கம் குறிப்பேட்டில் காலியாக இருக்கிறது.

3 மார்ச்

நேற்று எழுதியதில் கொஞ்சம் எரிச்சல் தெரிகிறது. உங்கள் மேல் இல்லை, அந்தப் பழைய 118 மேல். சரி, கணக்காகவே பார்ப்போம்.

10 கி.மீ. ஏற்றம். சுமையோடு மணிக்கு 6 கி.மீ. போகிறீர்கள். 100 நிமிடம். உச்சியைத் தொட்டு மறுபக்கம் 10 கி.மீ. இறக்கம், மணிக்கு 40. 15 நிமிடம். ஆக 20 கி.மீ.க்கு 115 நிமிடம், சராசரி பத்தரைகூட வரவில்லை. ஆறையும் நாற்பதையும் கூட்டிப் பாதியாக்கி 23 என்று மனசு ஒரு கணக்குப் போடும். அதை நம்பி இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மெதுவாகப் போகும் இடத்தில்தான் நேரம் எல்லாம் கரைகிறது.

காற்றும் இதே ரகம். 40 கி.மீ. போய் 40 கி.மீ. திரும்புகிறீர்கள். காற்று இல்லாவிட்டால் மணிக்கு 20 வைத்து நாலு மணி நேரம். காற்று அடித்தால் எதிரே 12, முதுகில் வாங்கினால் 28 என்று வையுங்கள். 3 மணி 20 நிமிடமும் 1 மணி 26 நிமிடமும். முக்கால் மணி நேரம் நஷ்டம். போகும்போது பிடுங்கியதை வரும்போது காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை.

அதனால் நான் கிலோமீட்டரில் திட்டம் போடுவதை விட்டு வெகுநாளாகிறது. சீட்டில் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு 5 மணி, அவ்வளவுதான். அது சமதளத்தில் 75 கி.மீ. ஆகலாம், மலையில் 45 ஆகலாம். நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. உங்கள் 1,200 இப்போது எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

5 மார்ச்

பயிற்சி அட்டவணை கேட்டிருந்தீர்கள். என்னிடம் இல்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: வெள்ளோட்டம். அடுத்தடுத்து இரண்டு நாள், பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனை சுமையோடும், நடுவில் ஒரு இரவு வெளியே தங்கி. முதல் நாள் எவராலும் ஓட்ட முடியும். மறுநாள் காலையில் சீட்டில் உட்காரும் அந்த முதல் நிமிடத்துக்காகத்தான் இது முழுக்க.

சாமான் இன்னும் வாங்கவில்லை என்றால் அதே எடைக்குத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போங்கள்.

9 மார்ச்

சீட்.

உயரம் முதலில். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் அளவு. மில்லிமீட்டர் சுத்தமான முறை இல்லை, ஆனால் பலரும் இதைவிட நாலு செ.மீ. தாழ்வாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். மாற்றும்போது ஒரு தடவைக்கு 5 மி.மீ. மேல் மாற்றாதீர்கள்.

மெத்தென்ற ஜெல் உறை வாங்க ஆசை வரும். எனக்கும் வந்தது. உடம்பின் எடையை இரண்டு உட்காரும் எலும்புகள் தாங்க வேண்டும். உறை மெத்தென்று இருந்தால் எலும்பு அதில் புதைந்து, நடுவில் உள்ள மென்மையான பகுதி அழுந்துகிறது. ஒரு மணி நேரம் சொர்க்கம், மூன்றாம் மணி நேரம் மரத்துப்போகும். உட்காரும் இடத்தில் மெத்தை தைத்த சைக்கிள் கால்சட்டை போதும். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் ஓரம் தொடையை அறுத்துவிடும். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், இரண்டாம் நாள் சிரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அழுத்தம் குறையட்டும் என்று ஒருமுறை சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்து வைத்தேன். வலி குறைந்தது. ஆனால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதைத் தடுக்கக் கைகள் நாள் முழுக்க ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருந்தன. ஐந்தாம் நாள் மாலை அறைக் கதவைத் திறக்கச் சாவியைத் திருப்பினேன், விரலில் பிடிமானமே இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் இரண்டு வாரம் மரத்தே கிடந்தன. அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. ஹேண்டில்பார் அழுத்துவதும் சரியாக அங்கேதான். இப்போது சீட்டை மட்டப்பலகை வைத்துச் சமமாக வைக்கிறேன். கால் மணிக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தையும் மாற்றுகிறேன்.

10 மார்ச்

தோல் சீட் பற்றிக் கேட்டவருக்கு: நல்லது, ஆனால் பழக்க வேண்டும். புதிதாக வாங்கிப் பயணத்தன்று மாட்டுவது, கல்யாணத்தன்று புதுச் செருப்பு போடுவது மாதிரி.

17 மார்ச்

«சுமையோடு போய்ப் பார்த்தேன், 62 கி.மீ.யில் முடிந்துபோனேன்» என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல சேதி. மே மாதம் தெரியவேண்டியது மார்ச்சிலேயே தெரிந்துவிட்டது.

ஏற்றத்தில் நின்றுபோனதற்குக் கால் மட்டும் காரணமில்லை, கியரையும் பாருங்கள். உங்கள் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 என்கிறீர்கள். பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 1.21 சுற்று. சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 2.55 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. வேகம் வந்தே தீரும். நீங்கள் 72, சைக்கிள் 15, பை 20, தண்ணீர் 3 என்று மொத்தம் 110 கிலோ. 7 சதவீத ஏற்றத்தில் அந்த எடையை அந்த வேகத்தில் மேலே தூக்கவே சுமார் 190 வாட் வேண்டும். காற்றும் சாலையும் தின்பது தனி. கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், இரண்டு மணி நேரம் நடக்காது.

முன்னால் 22, பின்னால் 34 என்று வையுங்கள். ஒரு மிதிக்கு 1.36 மீட்டர், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 5 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே, தேவைப்படுவது 100 வாட் சொச்சம். அப்படிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறலாம். நடப்பவர் கூடவே வருவார், வரட்டும்.

பையில் ரெண்டு கிலோ குறைக்க மண்டையை உடைத்துக்கொள்வதைவிட முன் பல்சக்கரத்தையும், பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் மாற்றுவது லாபம். மாற்றும் முன், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் உங்கள் பின் டெரெய்லர் அத்தனை பெரிய பல்சக்கரத்தை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

23 மார்ச்

சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போகப் பெடலைக் கழற்ற வேண்டும். ஸ்பானர் 15 மி.மீ. மற்ற எல்லாவற்றையும் போல இடப்பக்கம் சுழற்றினால் கழன்றுவிடும்.

23 மார்ச், ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியது பாதி தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். வலது பெடல்தான் அப்படி. இடது பெடலுக்கு மரை தலைகீழ். என் பேச்சைக் கேட்டுத் திருகினால் இன்னும் இறுகும். வலது இடது என்று குழம்ப வேண்டாம். எந்தப் பக்கமானாலும் ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்துங்கள், பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். பல வருஷமாகக் கை இதைத் தானாகச் செய்கிறது, வாய்தான் தப்பாகச் சொல்கிறது.

30 மார்ச்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? ஜூனில் எனக்கும் ஒன்பது நாள் பயணம் இருக்கிறது. நேற்றும் இன்றும் வெள்ளோட்டம் போய்வந்தேன். கேவலமாக முடிந்தது, சொல்கிறேன்.

முதல் நாள் 50 கி.மீ. தாண்டியதும் பின்னாலிருந்து கிணுக் கிணுக் என்று ஒரு சத்தம். பாட்டில் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனதும் கேரியரே வலப்பக்கம் சரிந்து, பை குதிகாலில் இடித்தது. இறங்கிப் பார்த்தால் கேசட் பக்கம் கேரியரைப் பிடித்திருக்கும் போல்ட் காணோம். உபரி போல்ட் வைத்திருந்தேனா? வீட்டில் வைத்திருந்தேன். பிறகு ஞாபகம் வந்தது, தண்ணீர் பாட்டில் கூட்டைப் பிடிக்கும் போல்ட்டும் அதே 5 மி.மீ. மரைதான், அதே 4 மி.மீ. எல் சாவிதான். ஒன்றைக் கழற்றி இங்கே மாட்டினேன். நீளம் கொஞ்சம் அதிகம், செயின் கடைசிப் பல்சக்கரத்துக்குப் போனால் போல்ட் முனையில் உரசியது. வாஷர் இரண்டு அடியில் கொடுத்துச் சமாளித்தேன்.

இன்று காலை பஞ்சர். டியூப் மாற்றினேன், பம்பை மாட்டினேன், காற்று ஏறவில்லை. போன மாதம் புது ரிம் போட்டபோது டியூபும் மெல்லிய வால்வுக்கு மாறிவிட்டது. பம்பின் வாய் இன்னும் பழைய தடித்த வால்வுக்குத்தான் இருந்தது. திருப்பிப் போட்டால் பொருந்தும் ரகம் அது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டை எப்போதோ தொலைத்திருக்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் நாலு பேர் கேட்டார்கள், «பம்பு இல்லையா?» இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

31 மார்ச்

ஆக, திருத்தம். மார்ச் 5 அன்று வெள்ளோட்டம் ஒன்றே போதும், சாமான் பட்டியல் எல்லாம் தேவையில்லை என்கிற தோரணையில் எழுதினேன். பட்டியல் வேண்டும், வெள்ளோட்டம் முடிந்து வந்த அன்று உட்கார்ந்து எழுத வேண்டும். நான் பையைத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பேன். தினமும் எடுத்தவை, ஒருமுறை எடுத்தவை, தொடவே தொடாதவை. மூன்றாவது குவியல் வீட்டில்.

இந்த யோசனையில் ஒரு ஓட்டை உண்டு. சில வருஷங்களுக்கு முன் மூன்றாவது குவியலில் பஞ்சர் சாமானும் மழைக் கோட்டும் இருந்தன. தொடவில்லையே என்று இரண்டையும் வீட்டில் விட்டுப்போனவன் நான்தான்.

4 ஏப்ரல்

நாலு கிலோ சாமானோடு பயணம் முடியுமா என்று இங்கே வாதம் போகிறது. தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரல் 22 அன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். முன்சக்கரம் ஆள் நெஞ்சுயரம், பின்சக்கரம் தட்டளவு, அந்தப் பழைய ரகச் சைக்கிளில். உலகைச் சுற்றி 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். கையோடு எடுத்துப்போனது காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் ஆகிற மழைக் கோட்டு ஒன்று, ஒரு கைத்துப்பாக்கி. பஞ்சர் சாமான் இல்லை. ஏனென்றால் அது கெட்டி ரப்பர் டயர், காற்றே கிடையாது. அதனால் அவரை உதாரணம் காட்டி ஸ்பேர் டியூபை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது டெர்வ்லா மர்ஃபி. பத்து வயதில் சைக்கிளும் ஒரு நிலப்பட புத்தகமும் பரிசாகக் கிடைத்ததும் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று முடிவு செய்தவர். 1963-ல்தான் அயர்லாந்திலிருந்து கிளம்ப முடிந்தது. வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே ஸ்பேர் டயர்களை அனுப்பி வைத்துவிட்டுப் போனார். சுமையைக் குறைப்பது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

11 ஏப்ரல்

ஸ்போக், அதாவது சக்கரக் கம்பி. நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் நீளமாக.

சுமை வண்டியில் உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கக் கம்பி. அந்தப் பக்கம் கேசட் இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்பிகள் செங்குத்தாக, அதிக இழுவிசையில் நிற்கின்றன. கம்பி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் வளையும் முழங்கை போன்ற இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, ஒரு நாள் தெறிக்கும். «டங்» என்று ஒரு சத்தம், சின்ன மணி அடித்த மாதிரி. பிறகு ரிம் பிரேக்கில் உரச ஆரம்பிக்கும்.

கொடுமை என்னவென்றால் அந்தப் பக்கக் கம்பியை மாற்றக் கேசட்டைக் கழற்ற வேண்டும். கருவி இல்லாமல் கழலாது. நான் செய்தது: உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதை ஒட்டி இருக்கும் இரண்டு கம்பிகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, பிரேக்கைக் கொஞ்சம் அகற்றி வைத்து ஊர் போய்ச் சேர்ந்தேன். 36 கம்பிச் சக்கரம் என்பதால் தாங்கியது. 24 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் ரிம் வளைவது கண்ணுக்கே தெரியும்.

இதைத் தடுக்க ஒரே வழி, கிளம்பும் முன் நல்ல கை ஒன்றிடம் சக்கரத்தைக் கொடுத்துக் கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பியும் ஒரே இழுவிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது. நீங்களே விரலால் மீட்டிப் பார்க்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று ஒன்று ஒலித்தால் அதையும் அதை ஒட்டி இருப்பதையும் கவனியுங்கள். உபரியாக நாலு கம்பி எடுத்து, சீட் குழாய்க்குள் செருகி வையுங்கள்.

12 ஏப்ரல்

நாலு கம்பி என்றேன், ஒரே அளவில் நாலு வாங்கிவிடாதீர்கள். பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பி மறுபக்கத்தைவிடச் சுமார் 2 மி.மீ. குட்டை. இரண்டு அளவிலும் இரண்டிரண்டு. டிஸ்க் பிரேக் என்றால் முன்சக்கரத்தையும் அளந்து பாருங்கள்.

20 ஏப்ரல்

«கிளம்பும் முந்தின நாள் ஓவராயில் கொடுக்கப் போகிறேன்.» வேண்டாம். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கொடுங்கள், அதற்குப் பிறகு 200 கி.மீ. ஓட்டுங்கள். புதுக் கேபிள் முதல் சில நாளில் நீளும், கியர் தடுமாறும். புதிதாகக் கட்டிய சக்கரம் ஒருமுறை இறங்கி உட்காரும். ஒருமுறை ஓவராயில் முடித்துக் கொடுத்தவர் பின் பிரேக் கேபிளின் இறுக்குத் திருகை விரல் இறுக்கத்தோடு விட்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தது ஓர் இறக்கத்தில். முன் பிரேக் இருந்தது, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செயினை நீங்களே அளக்கலாம். 12 அங்குல ஸ்கேலின் தொடக்கத்தை, செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் ஒன்றின் மையத்தில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு ஊசியின் மையத்தில் சரியாக விழும். அந்த ஊசி கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 போயிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும்.

டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்கிற அலுமினியத் துண்டு ஒன்று உபரியாக வேண்டும். வண்டிக்கு வண்டி வடிவம் மாறும், வழியில் கிடைக்காது.

2 மே

சோறு தண்ணி விஷயம். பசி வந்தபின் சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள், பிடிக்கிறதோ இல்லையோ. வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலை கனக்கும், வாந்தி வரும். ஒரு லிட்டருக்குச் சர்க்கரை மட்டமாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வயிற்றுப்போக்குக்குச் சொல்லும் அதே கலவைதான். சுவை கண்ணீர் மாதிரி இருந்தால் சரி, அதற்கு மேல் உப்பு வேண்டாம்.

9 மே

நாய் துரத்தினால்: சுமையோடு அதைவிட வேகமாக ஓட்ட முடியாது. இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலான நாய்களுக்கு அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. வைத்தியம் எல்லா நாய்க்கும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

16 மே

மார்ச் 2 அன்று நீங்கள் கேட்டது எந்தப் பை என்று. இன்னும் சொல்லவில்லை என்று ஒருவர் இடித்துக் காட்டியிருக்கிறார். நியாயம்தான்.

வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பக்கப் பை இரண்டு. கடையில் வாங்கும் முன் கேரியரில் மாட்டி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் குதிகால் இடிக்கிறதா என்று பாருங்கள். பாதம் பெரிதென்றால் பையை ஒரு விரற்கடை பின்னால் தள்ள வேண்டும். கொக்கி கேரியர் கம்பியில் ஆடக் கூடாது. ஆடினால் பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டிச் சுற்றுங்கள். கனமான சாமான் பையின் அடியில், சட்டத்தை ஒட்டி. கேரியரின் மேல்தட்டில் கனம் ஏற்றினால் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி வாலாட்டும். மழைக் கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. எந்தக் கம்பெனி என்பது உங்கள் இஷ்டம். என்னுடையதில் பேர் அழிந்து பல வருஷமாகிறது.

கிளம்பும் அன்று காலை கேரியர் போல்ட் நாலையும் சாவி வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். என் இடப்பக்கத்துப் போல்ட் நேற்றும் கால் சுற்று இறங்கியிருந்தது.